விமான நிலையம் ஆகாமல் தப்பிய சதுப்பு நிலம்

நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து மேற்கே சுமார் 26 மைல் தூரத்தில், நியூ ஜெர்ஸியில் உள்ளது கிரேட் ஸ்வாம்ப் வனவிலங்குச் சரணாலயம். அங்கத்தினர்களில் பலர் 287-ம் நெடுஞ்சாலையில் இதன் பக்கமாகப் போய் வந்திருப்பீர்கள். இறங்கி நடந்தவர்கள் சிலராகத்தான் இருக்கும்.

1959-ல் இவ்விடத்தில் பெரிய விமான நிலையம் கட்டும் யோசனையை நியூயார்க் துறைமுக ஆணையம் வெளியிட்டது. சுற்றுவட்டார மக்கள் கூட்டம் போட்டுப் பேசியதோடு நிற்கவில்லை. பத்து லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டி, சுமார் 3,000 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி, மத்திய அரசுக்கே தானமாகக் கொடுத்தார்கள். இவ்விதம் 1960-ல் தோன்றிய சரணாலயத்தின் கிழக்குப் பாகம் 1968-ல் சட்டப்படி வனாந்தரப் பகுதியாயிற்று. விமான நிலையப் பேச்சும் ஓய்ந்தது. கோயிலுக்காகப் பத்தும் இருபதுமாக வசூலித்துப் பழகிய நமக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை லாங் ஹில் சாலையிலுள்ள பார்வை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சதுப்பின் மேலேயே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் போகும். கட்டணம் கிடையாது. மறைந்திருந்து பார்க்க மரக்குடில்கள் உண்டு. பேசாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வாத்துகளும், கட்டைமேல் வெயில் காயும் ஆமைகளும் தென்படும். (பேசாமல் இருப்பதுதான் நம்மவர்களுக்குச் சிரமம்!) மார்ச் மாதக் கடைசியில் சிறு தவளைகள் போடும் சத்தம் நம்மூர் மழைக்கால இரவை நினைவூட்டும்.

வனாந்தரப் பகுதி வேறு மாதிரி. கால்நடையாக மட்டுமே போகலாம். சேறு உண்டு, பழைய பூட்ஸ் அவசியம். இளைஞர்களுக்கு ஏற்றது.

பூஜைக்கென்று ஒரு பூக்கூடப் பறிக்கக் கூடாது. மீந்த புளியோதரையைப் பறவைகளுக்குப் போடுவதும் புண்ணியமாகாது, அவற்றுக்குக் கெடுதல்தான்.

மான் உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். லைம் நோயைப் பரப்பும் இதன் குஞ்சு கசகசா அளவே இருக்கும். மே முதல் ஜூலை வரை அதிகம். புடவையோ வேஷ்டியோ வேண்டாம். முழுக்கால் சட்டை அணிந்து அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு வைத்தியம் உதவாது. ஒரு மாதத்துக்குள் சிவந்த படையோ காய்ச்சலோ கண்டால் டாக்டரிடம் உண்ணிக்கடியைச் சொல்லுங்கள்.

இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்காகச் சில நாட்கள் பாதைகளை மூடுவார்கள். விசாரித்துவிட்டுப் புறப்படவும்.