விதைப்பாசியும் கூட்டுத் தொழிலும்



ரமளான் மாலையில், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த கடற்பாசி இல்லாத நோன்பு விரிப்பு நம் வீடுகளில் குறைவு. கடற்கரையே இல்லாத திருவண்ணாமலையிலும் அது தட்டில் வந்து அமர்ந்துவிடுகின்றது. கடலில் பாசி எடுத்தும் வளர்த்தும் பிழைக்கின்ற பெண்களின் தொழிற்கணக்கை இம்மாதம் சற்றே பார்ப்போம். ஊர் வேறாயினும் அக்கணக்கு நமக்கும் உதவும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி சேகரிப்பவர்கள். இயற்கையில் விளைவதை வரம்பின்றிப் பறித்தால் நாளை ஏதும் மிஞ்சாது என்பதை உணர்ந்து, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பதெனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக் கொண்டனர். அவர்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

பாசி வளர்ப்போ பிற்காலத்தில் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கடலுக்குரிய கப்பாபைகஸ் என்னும் பாசியை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு ஆய்ந்து வளர்த்தது. 2000-க்குப் பின் பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதால் மக்கள் அதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயரிட்டனர். இதிலிருந்து எடுக்கும் காரஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கப்படுகின்றது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டினுக்கு மாற்றாகவும் பயன்படுவதால், நாம் அறிந்திருக்க வேண்டிய பொருள் இது.

வளர்ப்பு முறை எளியது. 10 அடிச் சதுர மூங்கில் மிதவையில் 20 கயிறுகள் கட்டி, ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசியை முடிந்து கடலில் விடுவர். 45 நாட்களில் அது இருநூறு கிலோவுக்கு மேல் வளரும். ஒருவருக்கு 45 மிதவைகள் என்று வைத்துக் கொண்டால் நாளுக்கு ஒரு மிதவை அறுவடைக்கு வரும். மகளிர் குழுக்கள் வங்கிக் கடன் பெற்று இத்தொழிலை நடத்தின. இங்கே ஒரு விதி உண்டு. அறுவடையில் 60 கிலோவை மறு விதைப்புக்கு ஒதுக்கிய பின்னரே மிஞ்சியதைக் காயவைத்து விற்க வேண்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ தான் தேறும்.

2012-இல் தமிழகக் கடலில் காய்ந்த பாசி ஏறத்தாழ 1,500 டன் விளைந்தது. மறு ஆண்டே கடல்நீர் வெம்மை மிகுந்து பாசி பெருமளவில் அழுகி மடிந்தது. போனது அவ்வாண்டு விளைச்சல் மட்டுமன்று; அடுத்த விதைப்புக்கான வித்தும் போயிற்று. கடன் வாங்கி மிதவை கட்டிய பெண்ணின் நெஞ்சம் அன்று என்ன பாடுபட்டிருக்கும்! எண்ணிப் பாருங்கள்.

இடையூறு வேறொன்றும் உண்டு. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே இப்பாசி பவளப்பாறைகளின் மீது படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆதலால் இதை எங்கு வளர்க்கலாம், எங்கு கூடாது என்னும் வரையறை தேவையாயிற்று. நல்ல வித்துக்கு வழிசெய்யும் நோக்குடன் 2023-இல் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் மாவட்டத்தில் பால் சங்கமும், ஆரணிப் பட்டு நெசவும், தெருத்தோறும் மகளிர் குழுவும் உள்ளன. எல்லாவற்றிற்கும் விதைப்பாசி ஒன்று உண்டு. அது கறவைக்குத் தீவனப் பணமாகவோ, நெசவுக்குப் பட்டு நூலாகவோ, குழுவின் சேமிப்பாகவோ இருக்கலாம். இலாபத்தைப் பங்கிடுமுன் அதனை எடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரே வியாபாரியை நம்பாதீர்கள். பொதுப்பணம் அமானிதம், ஆகவே கணக்கேட்டை உறுப்பினர் அனைவரும் மாதம் ஒருமுறை பார்க்கட்டும்.

பஞ்சத்திலும் விதைநெல்லைக் குற்றி உண்ணாத உழவன் தான் அடுத்த மழைக்கு விதைத்தான். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் விதைப்பாசி எவ்வளவு இருக்கின்றது?"