ஆயாவுக்கு எத்தனை மார்க்?

'இந்த மார்க்க வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்குக்கூட எடுக்க மாட்டான்.'

எங்கள் காலனிப் பெண் ஒருத்தியிடம் அவள் படித்த பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் சொன்னது இது. அவள் அழவில்லை. நேராக நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு வந்து, என் டூட்டி முடிகிறவரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்து, மார்க் ஷீட்டை நீட்டினாள். 600க்கு 258. 'நர்சிங் கெடைக்குமா அத்தை?' என்றாள்.

அவளுக்குப் பதில் அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முப்பது வருசத்துக்கு முந்தி இதே வார்த்தையை வேறொரு வாயிலிருந்து கேட்டவள் நான்.

எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் பெட்பேன் எடுக்கிறவளுக்கும் அதே பேர்தான். என் ஆயா பிரசவம் பார்ப்பாள். சேரிக்கு மட்டுமில்லை, ஊர்த்தெருவிலும். மருத்துவச்சி நோவில் படுத்துவிட்டால் நடுராத்திரியில் இவளைத்தான் கூப்பிட வருவார்கள். கொல்லைப்பக்கமாகப் போகணும். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒதுக்கிவிட்ட மூலையில் பிள்ளையை எடுக்கணும், கொடி அறுக்கணும், நஞ்சைக் கொண்டுபோய்ப் புதைக்கணும், தீட்டுத் துணியை அலசணும். குறுக்கே கிடக்கிற பிள்ளையை வயிற்றுக்கு மேலேயே தடவித் தடவித் தலை கீழே வர வைப்பாள். விடிந்ததும் ரெண்டு மரக்கா நெல். இவள் படி தாண்டியதும் பின்னாலேயே சாணித்தண்ணி தெளிப்பார்கள். அவளிடம் ஒருத்தரும் மார்க் ஷீட் கேட்டதில்லை. ஊரில் பாதிப்பேர் பிறந்ததும் முதலில் பட்டது அவள் கைதான். அதில் அந்தத் தலைமை ஆசிரியரின் சாதிசனமும் உண்டு.

இதைக் குடும்பப் பெருமையாகச் சொல்லவில்லை தோழர்களே. அடுத்தவர் உடம்பைத் தொடுவது, ரத்தம், மலம், சீழ் துடைப்பது எல்லாம் இந்தச் சாதிச் சமூகத்தில் தீட்டு. அதனால்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கிய காலத்திலும், அதற்குப்பின் வெகுகாலமும், சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்ப முன்வரவில்லை. கண்டவன் உடம்பைத் தொடுவதா, ராத்திரியில் வெளியில் தங்குவதா என்றார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள். அப்போது 'தகுதி' என்ற சொல் இந்தத் தொழில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. அரசாங்கச் சம்பளம் வந்தது, பென்ஷன் வந்தது, வளைகுடா விசா, லண்டன் விசா வந்தது. அவ்வளவுதான், தீட்டு கழிந்துவிட்டது! சாணித்தண்ணி இல்லாமலே கழிந்துவிட்டது! பிறகு கட் ஆஃப் வந்தது, ரேங்க் லிஸ்ட் வந்தது. தீட்டு வேலையாக இருந்தவரைக்கும் எங்கள் கை போதும். சம்பள வேலையானதும் எங்கள் மார்க் போதாது.

எல்லா நர்சிங் பள்ளியிலும் விளக்கு ஏந்திய நைட்டிங்கேல் அம்மாவின் படம் இருக்கிறது. இருக்கட்டும். 1897இல் பூனாவில் பிளேக் வந்தபோது, மகார் குடியிருப்பிலிருந்து நோய் கண்ட சிறுவனைத் தன் மேல் சுமந்து மகனின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, அதே நோயில் செத்துப்போன சாவித்திரிபாய் புலேயின் படத்தை எந்த நர்சிங் பள்ளிச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

என் மார்க்கைச் சொல்கிறேன். 1994. 1200க்கு 497. அதுவும் ஒரே தடவையில் இல்லை. வேதியியலில் பெயிலாகி அக்டோபரில் எழுதிப் பாஸ் செய்தது. இந்த 497ஐ நான் ஒருத்தி மட்டும் வாங்கவில்லை. பாதி வருசம் உயிரியலுக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம் வாங்கியது. நடவுக் காலத்தில் அம்மாவோடு கழனிக்குப் போன நாட்கள் வாங்கியது. செய்முறைத் தேர்வில் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட மார்க் வாங்கியது. சால்ட் என்ன சால்ட் என்று கண்டுபிடித்தது நான். என் நோட்டைப் பார்த்து எழுதிய ஊர்த்தெருப் பிள்ளைக்கு 50க்கு 49. எனக்கு 33. இதுதான் தகுதியைச் செய்கிற பட்டறை. செய்து முடித்துவிட்டு, 'பாரு, இதுங்களுக்குத் தகுதியில்ல' என்பான்.

படிப்பு நின்றது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். மாதம் முந்நூறு ரூபாய். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்திலேயே ஊசி போட்டேன். ஆறு மாதத்தில் டிரிப் ஏற்றினேன், தையல் பிரித்தேன், ராத்திரியில் டாக்டரம்மா வருகிறவரை பிரசவ வலிக்காரியைத் தனியாகப் பார்த்துக்கொண்டேன். சட்டப்படி இதெல்லாம் நான் செய்யக்கூடாது. பல ஆஸ்பத்திரிகள் இப்படித்தான் ஓடின, ஓடுகின்றன. ஒருநாள் டாக்டரம்மாவிடம், 'மேடம், முறையா நர்சிங் படிக்கலாம்னு இருக்கேன்' என்றேன். சிரித்தார். 'ஒன் மார்க்குக்கா? ஆயா வேலைக்குக்கூட...' மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய்க்கு உயிரைக் காப்பாற்றத் தகுதியுள்ள கை, சர்டிபிகேட் கேட்டதும் தகுதியிழந்து போனது.

மார்க்கு மார்க்கு என்கிறார்களே, பாபாசாகேப் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750க்கு 282. கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு 37.6. இன்றைக்கு நர்சிங் டிப்ளமோவுக்கு நர்சிங் கவுன்சில் வைத்திருக்கிற கோடு நூற்றுக்கு 40. அந்த மார்க்கோடு வந்தால் பாபாசாகேப்பையும் ஜன்னலிலேயே திருப்பி அனுப்புவான் கிளார்க். அவர் அங்கே நிற்கவில்லை. பரோடா மன்னர் உதவியோடு பி.ஏ., 1913இல் கொலம்பியா, 1923இல் லண்டனில் டி.எஸ்ஸி. பள்ளிக்கூட மார்க் ஒருத்தருடைய எதிர்காலத்தைச் சொல்லும் என்று நம்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சரி, மார்க் வாங்கிவிட்டால் விடுவார்களா? அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா 1200க்கு 1176 வாங்கினாள். மூட்டை தூக்குகிறவரின் மகள். மார்க் எங்களிடம் வந்ததும் அளவுகோலை மாற்றினார்கள், நீட் என்றார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தோம். 2023இல் வந்த தேசிய நர்சிங் ஆணையச் சட்டமும் நாடு முழுக்க ஒரே மாதிரியான சேர்க்கை முறை பற்றிப் பேசுகிறது. மாணவத் தோழர்கள் அதை வரிவரியாகப் படித்துவையுங்கள்.

1990இல் மண்டலை எதிர்த்தவர்கள் நடுரோட்டில் துடைப்பம் பிடித்தும் செருப்புக்குப் பாலிஷ் போட்டும் 'போராடினார்கள்'. 2006இல் டாக்டருக்குப் படிக்கிறவர்களே அதைச் செய்தார்கள். இனிமேல் எங்களுக்கு இதுதான் கதி என்று சொன்னார்களாம். அப்படியானால் அந்த வேலை யாருக்குரியது என்று நினைத்திருக்கிறார்கள்? நோயாளியின் வாந்தியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போட்டோ ஞாபகத்துக்கு வரும்.

நம்ம ஆட்களுக்கும் ஒரு சொல். 'நர்ஸா? பீச்சட்டி தூக்குற வேலைய எதுக்கு மறுபடி நம்ம பொண்ணுங்களுக்குச் சொல்ற? கலெக்டராவு, டாக்டராவுன்னு சொல்லு' என்று இயக்கக் கூட்டத்திலேயே ஒரு தோழர் கேட்டார். கேட்டவர் வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதே மலம்தான். ஆனால் சாதியால் தலையில் ஏற்றப்படுவது வேறு. படித்து, பதிவு எண் வாங்கி, சம்பளத்துக்கும் உரிமைக்கும் சங்கம் வைத்து, ஒரு நோயாளிக்காகச் செய்வது வேறு. இந்த வித்தியாசம் புரியாத விடுதலை ஆம்பளைகளுக்கான விடுதலை.

எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். அரசு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன், லிஸ்ட்டில் பேர் வரவில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டில் கீழே இருந்தது. எல்லோரையும் போல விட்டுவிட்டிருப்பேன். ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருத்தர்தான், 'அடிப் பைத்தியமே, மேல இருக்கறவ பாதிப்பேரு வேற படிப்பு கெடச்சி ஓடிருவா, சீட்டு காலியாகும், போயி நில்லு' என்றார். காலியானது. கடிதமும் வந்தது. எங்கள் காலனிக்குத் தபால்காரர் வரமாட்டார். ஊர் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார், எங்கள் ஆட்கள் வெளியே நின்று கேட்டு வாங்கணும். கண்ணாடி பாட்டிலுக்கு அடியில் நாலு நாள் கிடந்த கடிதம் என் கைக்கு வந்தபோது சேரவேண்டிய தேதி மறுநாள். இயக்கத்து அண்ணன் சைக்கிளில் விழுப்புரம் கொண்டுபோய் பஸ் ஏற்றி, கூடவே வந்தார். அவர் மட்டும் ஜன்னலில் நின்று சத்தம் போடாமலிருந்தால் 'நேரமாயிடுச்சி, நாளைக்கி வா' என்று அனுப்பியிருப்பார்கள்.

உள்ளே போனதும் எல்லாம் இங்கிலீஷ். முதல் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அனாட்டமியில் டியூட்டர் 'ஸ்ப்ளீன், ஸ்ப்ளீன்' என்றார். தமிழில் மண்ணீரலாம், அதுவும் பிடிபடவில்லை. படத்தை விரித்ததும் சிரித்துவிட்டேன். அட, இது சுவரொட்டி! மாடு அறுக்கிற இடத்தில் தாத்தா பங்கு பிரிக்கும்போது நான் கையில் ஏந்தி நின்றது. ஈரல், நுரையீரல், குண்டிக்காய், குடல் எது எதோடு ஒட்டியிருக்கும் என்று அந்த வகுப்பில் எனக்குத் தெரிந்த அளவு ஒருத்திக்கும் தெரியாது. எப்படித் தெரியும் என்றுதான் சொல்ல முடியாது. சொன்னால் ஹாஸ்டலில் தட்டைத் தனியாக வைப்பார்கள். அந்தப் பாடத்தில் நான் பெயிலாகவில்லை.

இப்போது அந்தப் பிள்ளைக்கு. 258 என்றால் நூற்றுக்கு 43. டிப்ளமோவுக்கான கோட்டைத் தாண்டியாகிவிட்டது. பி.எஸ்ஸி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 45, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40, ஆங்கிலத்தில் தேர்ச்சி என்பது கவுன்சில் விதி. கூட்டிப் பார்த்தோம், அதுவும் இருக்கிறது. கதவை மூடுவது விதி இல்லை. அரசு சீட்டு குறைவு, ரேங்கில் பின்னால் நிற்போம், அதுதான் நிஜம். அதற்கப்புறம் வருகிறான் ஏஜென்ட். 'மார்க் கவலையில்லம்மா, பக்கத்து மாநிலத்துல சீட்டு இருக்கு' என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்வான். அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் முறைப்பான். உள்ளூர் தனியார் கல்லூரியோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் உட்கார வைக்கும். அப்படி உட்கார்ந்தால் எஸ்.சி. மாணவர்க்கான உதவித்தொகை கிடையாது, இதைச் சேர்ந்தபிறகுதான் சொல்வார்கள். கவுன்சிலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் போனால் உண்டு. 2012இல் வந்த அரசாணை 92 பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? எனவே கவுன்சிலிங்குக்குப் போடணும். முதல் லிஸ்ட்டில் வராவிட்டால் கடைசிச் சுற்று வரை விடாமல் நிற்கணும். டிப்ளமோ முடித்தபிறகு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டமும் வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சாதிச் சான்றிதழ் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றுச் சான்றிதழ்தான் இன்னும் கைக்கு வரவில்லை, மூன்று தடவை அலைய விட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அவளோடு நானும் போகிறேன், யூனிபார்மில். அந்தத் தலைமை ஆசிரியருக்கு வயது ஐம்பத்தேழாம். அதே ஊர்க்காரர், அதே தெரு. அவரைப் பிள்ளையெடுத்தது யார் என்று வீட்டில் விசாரித்துவிட்டு வந்து உட்காரச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன்.