பெட்ரோல் லிட்டர்ல, காத்து மட்டும் பவுண்டுலயா?

புதுச்சேரியில எந்த பெட்ரோல் பங்குக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க மக்களே. பெட்ரோல் லிட்டர்ல ஊத்துவாங்க. வண்டி ஓடின தூரம் கிலோமீட்டர்ல. ஆனா அதே பங்க்ல காத்து அடிக்கிற மூலைக்குப் போனா மட்டும், "எத்தனைண்ணே வைக்கட்டும்? முப்பதா, முப்பத்தஞ்சா?"

முப்பது என்னது? ஒரு சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு விசை. சுருக்கமா பி.எஸ்.ஐ. சுத்தமான இங்கிலீஷ்காரன் அளவு.

இந்த ஊரை 1954 வரைக்கும் ஆண்டது யாரு? மெட்ரிக் முறைக்கு 1795-லயே சட்டம் போட்ட பிரான்ஸ். அழுத்தத்துக்கு உலகமே ஒத்துக்கிட்ட அலகு பாஸ்கல். 1971-ல அந்தப் பேரை வச்சதும் பிலேஸ் பாஸ்கல்ங்கிற பிரெஞ்சுக்காரர் நினைவாத்தான். 1648-ல அவரோட அக்கா வீட்டுக்காரர், பாதரசக் குழாயோட மலை ஏறி, மேல போகப் போக காத்தழுத்தம் குறையுதுன்னு காட்டினார். பிரெஞ்சு பேர் வச்ச தெருவுல போட்டோ எடுத்துக்கறோம், டயருக்கு மட்டும் பவுண்டு!

"எல்லாரும் பழகிட்டாங்க, விடுப்பா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. 1957-ல அணா போய் நயா பைசா வந்தப்போ நம்ம தாத்தா பாட்டிங்க பழகலையா? சேர், மணங்கு போய் கிலோ வந்தப்போ பழகலையா? பள்ளிக்கூடமே போகாதவங்க கத்துக்கிட்டதை, மொபைல்ல எல்லாம் பண்ற நம்மளால முடியாதாம். 2009-ஆம் வருஷ சட்ட முறை அளவியல் சட்டமும் அலகு மெட்ரிக்லதான் இருக்கணும்னு சொல்லுது.

இன்னொரு கூத்து பாருங்க. 2011-ல தானே வந்தப்பவும் 2024-ல ஃபெஞ்சல் வந்தப்பவும் வானிலை அறிக்கையில ஹெக்டோபாஸ்கல். கூரையைப் பிச்சிக்கிட்டுப் போற காத்து பாஸ்கல்ல, டயருக்குள்ள இருக்கிற காத்து பவுண்டுல!

சரி, வகுப்புல என்ன நடக்குது? 1 பி.எஸ்.ஐ. = 6.895 கிலோபாஸ்கல். மனப்பாடம் பண்ணு, பெருக்கு, மார்க் வாங்கு. ஆனா பஞ்சர் ஆன டயர்ல மீட்டர் 0 காட்டுதே, உள்ள காத்தே இல்லையான்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. மீட்டர் காட்டுறது வெளிக்காத்தை விட எவ்வளவு அதிகம்ங்கிறதைத்தான். உண்மையான அழுத்தம் வேணும்னா வளிமண்டலத்தோட 101 கிலோபாஸ்கலையும் கூட்டணும்.

இது வெறும் பரீட்சைக் கணக்கு இல்லீங்க. 30 டிகிரி வெயில்ல 30 பவுண்டு காட்டின டயர், ஈ.சி.ஆர்.ல ஓடி உள்காத்து 60 டிகிரி ஆகுதுன்னு வைங்க. டயர் உப்பலைன்னு வச்சுக்கிட்டு பவுண்டை அப்படியே பெருக்கினா 33 வரும். தப்பு. 207 கூட்டல் 101, 308 கிலோபாஸ்கல். அதை 333/303-ஆல பெருக்கி, 101-ஐக் கழிச்சா 237. அதாவது 34 பவுண்டுக்கு மேல. இது தெரியாம "காத்து அதிகமாயிடுச்சு"ன்னு சூட்டோட இறக்கி விட்டா, ஆறினதும் டயர் தளர்ந்துடும். தளர்ந்த டயர் வேகத்துல இன்னும் சூடாகி வெடிக்கவும் செய்யும். அதனாலதான் டயர் ஆறி இருக்கும்போது காத்து பாருங்கன்னு வண்டிக் கையேட்டுல போட்டிருக்கு.

இந்தக் கணக்கை பவுண்டுல போட 14.7-ஐக் கூட்டணும். கிலோபாஸ்கல்ல சுமாரா ஒரு நூறு. மனசுலயே போட்டுடலாம்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. பங்க் மீட்டர்ல கிலோபாஸ்கலைப் பெருசாவும் பவுண்டைச் சின்னதாவும் போடுங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு சின்னதையும் எடுத்துடுங்க. பல கார்ல கதவோரம் இருக்கிற ஸ்டிக்கர்ல ரெண்டும் ஏற்கெனவே இருக்கு. வாத்தியார்களே, ஒரே ஒரு நாள் டயர் மீட்டரை வகுப்புக்குக் கொண்டு வாங்க.

அதுவரைக்கும் நமக்கு: பவுண்டை ஏழால பெருக்குங்க. 30-க்கு 210 வரும், சரியான விடை 207. காத்து அடிக்க இது போதும். அடுத்த தடவை "எத்தனைண்ணே?"ன்னு கேட்டா, "இருநூத்திப் பத்து"ன்னு சொல்லிப் பாருங்க. சண்டைக்கு வந்தா பிலேஸ் பாஸ்கல் பேரைச் சொல்லிக்கலாம் :-)