டிரையர் அலறும்போது வயரைப் பிடுங்காதீர்கள்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி கார், பிசானம் என்று இரண்டு போகம் தருகிறது. இதில் கார் நெல்தான் மில்காரர்களுக்குத் தலைவலி. அறுவடை ஓயும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், களத்தில் காயப்போட முடியாது. புழுங்கலுக்கு அவித்த நெல்லில் ஈரம் 30 சதவீதத்துக்கும் மேல். அரைப்பதற்கு அது 14க்கு இறங்க வேண்டும். ஆகவே டிரையர்.

டிரையரில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. உமி எரியும் உலை, அந்தச் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் குழாய்கள், காற்றைத் தள்ளும் புளோயர், நெல் மெல்ல இறங்கும் உயரமான பெட்டி, அவ்வளவுதான். சூடு கூடி அலாரம் அடித்தால் எல்லோரும் உலையைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். பல சமயம் தீ அப்படியேதான் இருக்கும், காற்றுதான் குறைந்திருக்கும். புளோயர் பெல்ட் தளர்ந்திருக்கலாம், வலையில் தூசி அடைத்திருக்கலாம். குழாயைத் தாண்ட மெதுவான காற்றுக்கு அதிக நேரம் கிடைக்கிறது, அதனால் அதிகம் சூடாகிறது. உள்ளே போகும் காற்று சரியாக இருந்து வெளியே வரும் காற்று மட்டும் சுட்டால் நெல்லைப் பார்க்க வேண்டும். வைக்கோல் சிக்கி நெல் இறங்காமல் நின்றிருக்கும், அல்லது மேலே பெட்டி காலியாகியிருக்கும்.

சென்சார் பொய் சொல்வதும் உண்டு. ஆனால் அதற்கும் அடையாளம் இருக்கிறது. வயர் அறுந்தால் மீட்டர் பெரும்பாலும் ஒரே நொடியில் உச்சத்துக்குத் தாவும். நிஜச் சூடு படிப்படியாகத்தான் ஏறும். இதைக்கூடப் பார்க்காமல் "செட்பாயிண்டை 10 டிகிரி ஏத்திவிடு" என்பதும், அலாரம் வயரையே பிடுங்குவதும் வைத்தியமா? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை. சும்மா சும்மா அடிக்கும் அலாரத்தை மனிதக் காது மதிக்காது என்பதும் உண்மைதான். 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. எதை என்று பார்ப்பார்கள்? 26 பேர் காயமடைந்தார்கள். வீண் அலாரத்தைக் குறைக்க வேண்டியதுதான், ஆனால் காரணத்தைச் சரிசெய்து.

இன்னொரு விஷயம், முக்கியமானது. உமித்தீ கேஸ் அடுப்பு மாதிரி திருகினால் அணையாது. உமி போடுவதை நிறுத்தினாலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். பதற்றத்தில் புளோயரையும் சேர்த்து நிறுத்தினால் அந்தச் சூடு போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். புகையோ கருகல் வாடையோ இல்லாதவரை புளோயர் ஓட வேண்டும். புகை வந்துவிட்டால் கணக்கு தலைகீழ்: நெல்லில் பிடித்த தீயைக் காற்று வளர்க்கும், உடனே நிறுத்த வேண்டும். ராத்திரி 2 மணிக்கு அரைத் தூக்கத்தில் இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. பேனலுக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ஷிப்டில் இருப்பவர் தானாக உமியை நிறுத்தலாம் என்பதையும், லோடு தாமதமானால் அவர் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்பதையும் முதலாளி அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.