தேனும் தேறலும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் மைசூருக் கடையொன்றில் பிளிகிரிரங்கன் மலைத் தேன் ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தார். மழைக்காலத்தில் அது நுரைத்து மூடியைத் தள்ளிற்றாம். இது கலப்படமோ, அன்றி மேனாட்டார் 'மீட்' என அருந்தும் தேன்மது இதுதானோ, அதனை இனிப்பில்லாத இலேசான பானமாக வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாமோ என்று வினவியுள்ளார்.

முதலில் நுரையைக் காண்போம். நல்ல தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பங்கு சர்க்கரை. நீர் இருபதுக்கு மேற்படலாகாது என்பது உணவுச் சட்டத்தின் வரம்பு. அத்துணைச் செறிவில் ஈஸ்ட் இருந்தும் பெருகாது. ஆனால் பாறையிலும் ஓங்கிய மரக்கிளையிலும் திறந்த வெளியில் அடை கட்டும் மலைத்தேனீயின் தேனில் ஈரம் மிகுதி. சோலிகர் எடுத்துவருவது பெரும்பாலும் இத்தேனே. ஈரம் மிகின் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். ஆதலின் நுரைத்த தேனெல்லாம் கலப்படம் அன்று. வியாபாரியை வைவதற்கு முன் இதனை எண்ணுக.

இவ்விழிப்பை வேண்டுமென்றே செய்விப்பதுதான் தேன்மது. கன்னடரின் 'ஜேனு'வும் நம் 'தேனு'ம் ஓர் இனச் சொற்கள். ஆயினும் அதன் மதுவுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் தனி அழகுடையது. தேறல் என்றனர். தேறுதல் என்பது தெளிதல். இனிமையையும் மயக்கத்தையும் விடுத்துத் தெளிவைச் சுட்டிப் பெயரிட்டவர்கள் இத்தொழிலின் அருமையை அறிந்தவர்களே. மூங்கிலில் விளைந்த தேக்கள் தேறலை மலைபடுகடாம் கூறும். புறநானூற்றின் 129-ஆம் பாட்டில், குறவர் மூங்கிலில் முதிர்ந்த தேறலை உண்டு, வேங்கை நிற்கும் முற்றத்தில் குரவை ஆடுகின்றனர். (கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததையும் நாம் மறந்தோமல்லோம்.)

இனிப்பு நீங்குவது எங்ஙனம்? ஒரு லிட்டர் கரைசலில் 150 கிராம் தேன் எனின், அதிலுள்ள சர்க்கரை சுமார் 120 கிராம். ஈஸ்ட் அதனை முழுதும் உண்டுவிட்டால் நூற்றுக்கு ஏழு அளவில் சாராயச் சத்து உண்டாகும். இனிப்பு ஒழிந்து மலர்மணம் எஞ்சும். 'முழுதும்' என்பதில்தான் இடர். திராட்சைச் சாற்றினும் தேனில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் நடுவழியில் நின்றுவிடுவதுண்டு. நின்றதை முடிந்ததென்று எண்ணிப் புட்டியில் இறுக அடைத்தால், மீண்டும் வாயு கிளம்பிப் புட்டி வெடிக்கும். வாயு போக வழிவிட்டு, வாரக்கணக்கில் பொறுத்து, கசடு அடியிற் படிந்தபின் மேல்தெளிவை மட்டும் இறுத்து, பின்னும் மாதக்கணக்கில் வைத்தாலே அது தேறல் என்னும் பெயருக்கு உரியதாகும்.

இனி, வீட்டில் ஆக்கலாமோ? ஆகாது. 1965-இல் மைசூர் மாநிலச் சட்டமாக இயற்றப்பட்டு, இன்று கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம் எனப்படுவது, உரிமமின்றி மது ஆக்குவதைத் தடுக்கிறது. 'தேன் மருந்தாயிற்றே' என்று சிலர் வாதிப்பர். சட்டம் நோக்குவது மூலப்பொருளை அன்று, மயக்கும் சத்தை. வேற்று மாநிலத்தில் வாடகை வீட்டில் இருந்து, மாதச் சம்பளத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மனோர்க்கு ஒரு ஜாடி மதுவின்பொருட்டு வழக்கு வேண்டா. சுவைத்துத்தான் பார்க்கவேண்டும் என்போர்க்கு, 2018-இல் புனேயில் உரிமத்துடன் தொடங்கிய மூன்ஷைன் மீடரி போன்ற ஆலைகள் உள்ளன.

மற்றையோர் மலைத்தேனைக் குளிர்பெட்டியில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் காத்துவந்தால், அது தானாகத் தேறலாக முற்படாது.