பில்லில் வராத சேதாரம்

சின்ன வயதில் எங்கள் தெரு ஆசாரியின் பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என் முக்கியப் பொழுதுபோக்கு. (காசு செலவில்லை.) அறுந்த சங்கிலியைப் பற்ற வைக்கும்போது வெள்ளையாக எதையோ குழைத்துத் தடவி, ஊதுகுழலால் ஊதுவார்.

"என்னது அது?"

"வெங்காரம் தம்பி. இது இல்லேன்னா ஒட்டாது. தள்ளி உக்காரு, மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே பொசுங்கிடும்!"

வெங்காரம் என்றால் போராக்ஸ். கேரம் போர்டில் தூவுகிறோமே போரிக் பவுடர், அதற்குப் பெரியப்பா முறை. இந்த ஏழைப் பெரியப்பா தங்கம் தோண்டுகிறவர்களின் உயிரைக் காப்பாற்றக் கூடியவர் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது.

உலகத்தில் வெட்டியெடுக்கும் தங்கத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெரிய கம்பெனிகளிடமிருந்து வருவதில்லை. பெரு, கானா, தான்சானியா, இந்தோனேஷியா என்று பல நாடுகளில் ஒன்றரைக் கோடிப் பேராவது கடப்பாரை, மண்வெட்டியோடு தோண்டுகிறார்கள். பொடித்த கல்லோடு பாதரசத்தைக் கலந்தால், அது தங்கத்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். பிரிப்பதற்குச் சூடு வைத்தால் போதும். 357 டிகிரியில் பாதரசம் கொதித்துப் பறந்துவிடும். தங்கம் மிஞ்சும். சாயங்காலமே காசு!

பறந்தது எங்கே போகிறது? அங்கேதான் வில்லங்கம். நிறைய பேர் இதை வீட்டு அடுப்பிலேயே செய்கிறார்கள். பக்கத்தில் மனைவி, இடுப்பில் குழந்தை. ஆவிக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. முதலில் கை நடுங்கும். அப்புறம் ஞாபகம் தப்பும். ஆற்றில் கலந்தது மீனுக்குள் போய், மறுபடி சாப்பாட்டுத் தட்டுக்கே வந்து சேரும். 2015-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தத் தொழிலிலிருந்து மட்டும் காற்றில் கலந்த பாதரசம் 800 டன்னுக்கு மேல்.

"விஷம்ப்பா, விட்டுடு" என்று சொல்லிப் பாருங்கள். "ராத்திரிக்கு அரிசி வாங்கணுமே சார்" என்பான். சிகரெட் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு நம்மில் எத்தனை பேர் விட்டோம்? பிலிப்பைன்ஸ் அரசு 2012-இல் சிறு சுரங்கங்களில் பாதரசத்துக்குத் தடையே போட்டது. பாதரசம் பயந்து ஓடிவிடவில்லை. 2017-இல் அமலுக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தமும் குடியிருப்புப் பகுதியில் எரிப்பதை ஒழிக்கச் சொல்கிறது. காகிதம் சொன்னால் அடுப்பு கேட்குமா?

கேட்க வைத்தவர்கள் அதே பிலிப்பைன்ஸில் இருக்கிறார்கள். பெங்கெட் மாகாணத்துச் சுரங்கக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பாதரசம் இல்லாமலே தங்கம் எடுக்கிறார்கள். கல்லை நைசாக அரைத்து, ஓடும் தண்ணீரில் அலசி, தட்டில் அரித்து, கனமான மண்ணை மட்டும் பிரிக்கிறார்கள். அதில் வெங்காரம் போட்டுக் கரி நெருப்பில் காய்ச்சினால், மற்றக் கசடு சீக்கிரம் இளகி மேலே நிற்கும். தங்கம் அடியில் உருண்டையாக உட்காரும். டென்மார்க் நிலவியலாளர் பீட்டர் அப்பல் இதைத் தான்சானியா வரை கொண்டுபோனார்.

இதில் ஒரு சூட்சுமம். அரைக்கும்போதே பாதரசம் ஊற்றினால் அது துளித்துளியாகச் சிதறி, தங்கத்தையும் கூட்டிக்கொண்டு கழிவோடு போய்விடும். வெங்கார முறையில் இந்த நஷ்டம் இல்லை. "உடம்புக்கு நல்லது" என்றால் கேட்காதவன், "தங்கம் கூட வரும்" என்றால் கிட்டே வருவான். அதுவும் கோட் சூட் ஆசாமி சொல்லக்கூடாது. இன்னொரு சுரங்கக்காரன் அவன் கண்ணெதிரே காய்ச்சிக் காட்ட வேண்டும்.

எல்லாக் கல்லுக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கந்தகம் கலந்த தாதுவில் மக்கர் பண்ணும். அங்கே குறைந்தபட்சம் மூடிய பாத்திரமும் குழாயும் வைத்து ஆவியைக் குளிர வைத்துப் பிடிக்கலாம். பாதரசமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் மூடி வைத்தால் உள்ளே தங்கம் என்ன ஆகிறதென்று தெரியவில்லையே என்று சந்தேகப்படுகிறார்கள். பல ஊர்களில் பாதரசத்தைக் கடனாகக் கொடுப்பவனே தங்கத்தையும் வாங்குகிறான். அவனை மீறிப் புது முறைக்கு மாறுவது லேசில்லை.

அடுத்த தடவை நகைக்கடையில் செய்கூலி, சேதாரத்துக்குச் சண்டை போடும்போது நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஓர் அடுப்படியில் ஆன சேதாரம் எந்த பில்லிலும் வருவதில்லை.