முதலில் பேச வேண்டியவர் யார்?

எந்த மதமானாலும் அதன் காரியங்களை நடத்துபவர்கள் மனிதர்களே. மனிதர் கை பட்ட எதிலும் தவறு வரத்தான் செய்யும். தவறு வருவதைவிடப் பெரிய ஆபத்து, "காலங்காலமாக இப்படித்தானே நடக்கிறது" என்று சும்மா இருந்துவிடுவது. அந்த மெத்தனத்தை எதிர்த்துப் பேசும் கடமை யாருடையது? தவறினால் அடிபட்டவருடையதா, அதனால் எந்தக் குறையுமின்றிச் சுகமாக இருப்பவருடையதா? நாம் குடியேறி வாழும் இந்தத் திருவனந்தபுரத்தின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது.

தைக்காடு அய்யா சுவாமிகளை நம்மவர் பலர் அறிவர். 1814-இல் பிறந்த தமிழர், இயற்பெயர் சுப்பராயன். தைக்காடு ரெசிடென்சியில் மேலாளர் உத்தியோகம் பார்த்தவர். ஸ்ரீ நாராயண குரு, சட்டம்பி சுவாமிகள், அய்யன்காளி ஆகியோர் அவரை நாடி வந்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் பொது வழியில் நடக்கவே தடை இருந்த அந்நாளில், தைப்பூச விழாவில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து உணவளித்தார். ஏச்சுப் பேச்சுக்கு அவர் அஞ்சவில்லை. உத்தியோகமும் மதிப்பும் உள்ளவர் அவர். வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1924 மார்ச் 30 அன்று, வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெரியார் ஈ.வெ.ரா. அங்கு வந்து இருமுறை சிறை சென்றதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதே ஆண்டு நவம்பரில் நடந்த இன்னொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை. மேல்சாதியார் என்று சொல்லப்பட்டவர்களே தெருவில் இறங்கி நடந்தார்கள். வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஓர் அணி. தெற்கே கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றோர் அணி. இரண்டும் நமது நகருக்கு வந்து சேர்ந்தன. மேல்சாதியார் 25,000 பேருக்குமேல் கையொப்பமிட்ட மனு, ரீஜண்டாக இருந்த மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. அந்தத் தெருக்களில் நடக்க அவர்களில் யாருக்கும் தடை இருந்ததில்லை. இருந்தும் நடந்தார்கள்.

1925 பிப்ரவரியில் தீர்மானம் சட்டசபைக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஓட்டில் தோற்றது! ஆனால் எழுந்த கேள்வி அடங்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அதன் பிறகு, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றார். கோயிலின் புனிதம் போய்விடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். போகவில்லை என்பதை இன்றைய கூட்டமே காட்டுகிறது.

"அதெல்லாம் பழங்கதை" என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2016 ஏப்ரல் 10 அதிகாலையில், கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் தேவி கோயில் திருவிழா வாணவேடிக்கையில் வெடிக் கிடங்கு வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் முன்னரே அனுமதி மறுத்திருந்தது. கூடியிருந்த பக்தர்களே "அனுமதி உண்டா?" என்று கேட்டிருந்தால்? பக்தி மிகுந்த இடத்தில் கேள்வி கேட்பது அபசாரம் என்று நாம் பழகிவிட்டோம்.

நான் ரயில்வேயில் பணியாற்றியவன். பெரிய ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் செய்த ஏற்பாடு அது. நம் வழிபாட்டுக்கு அப்படி ஓர் ஆணையர் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆகவே அந்த வேலையை உள்ளே இருக்கும் நாமேதான் செய்தாக வேண்டும்.

"நம் வீட்டுக் குறையை நாமே பேசினால் மற்ற மதத்தார் சிரிக்க மாட்டார்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். 1633-இல் கலிலியோவுக்குத் தண்டனை விதித்த கத்தோலிக்கத் திருச்சபையில், அன்றைய இறையியலார் செய்தது பிழை என்று 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். அதனால் திருச்சபை சிறுத்துவிடவில்லை. 359 ஆண்டுகள் தாமதமானதுதான் சிறுமை.

பிழைப்புத் தேடி வெளியூர் வந்த நாம் ஆளுக்கொரு பஜனை மடம், கோயில் கமிட்டி, திருவிழாக் குழு என்று நடத்துகிறோம். நல்லதுதான். அவற்றின் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து, கை தட்டி, காப்பி குடித்துக் கலைகிறோம். இனி அரை மணி நேரமாவது வேறு சில கேள்விகளுக்கு ஒதுக்குவோம். அன்னதானப் பந்தியில் பாத்திரம் தேய்ப்பவரும் நம்மோடு உட்காருகிறாரா? பந்தலுக்கு அவசர வழி உண்டா? உண்டியல் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா? பெண்களும் இளைஞர்களும் கமிட்டியில் பேச முடிகிறதா?

இக்கேள்விகளை முன்வரிசையில் உட்காருபவர்கள் முதலில் எழுப்ப வேண்டும். பின்வரிசைக்காரர் எழுந்து கேட்கும்வரை காத்திருப்பது நமக்கு அழகல்ல.